குறைந்த செலவில் மாயா நகரங்களும் யுகடான் சாப்பாடும்: முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோவில் மாயா என்ற பழங்குடி மக்கள் கட்டிய பழைய நகரங்களைப் பார்க்கக் கிளம்பும் பலர் கான்கூன் கடற்கரையில் அறை எடுக்கிறார்கள். அங்கிருந்து சுற்றுலாப் பேருந்தில் சிச்சென் இட்சா என்ற இடிபாட்டு நகரத்துக்கு ஒரே நாளில் போய் வருகிறார்கள். பாதி நாள் பேருந்திலேயே போய்விடும். இறங்கும்போது உச்சி வெயில், கூட்டம் நெரியும். நடுவில் ஒரு பஃபே சாப்பாடு, அதில் அந்த மண்ணின் ருசி எதுவும் இருக்காது. செலவழித்தது அதிகம், பார்த்தது கொஞ்சம்.

இதைவிட நல்ல வழி இருக்கிறது, அது மலிவானதும்கூட. யுகடான் தீபகற்பத்தின் உள்ளூர்களில் தங்குங்கள். காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே இடிபாடுகளுக்குள் நுழையுங்கள். மதியச் சாப்பாட்டை ஊர்ச் சந்தையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் இருந்தால் போதும், நிதானமாகப் பார்த்துவிடலாம்.

கிளம்பும் முன்

முதலில் விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் தனியாக மெக்சிகோ விசா எடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கும் விசா வேண்டாம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் ஐரோப்பா வழியாகப் போகும் வழியைத் தேடுவது நல்லது. அதற்கும் இடைமாற்ற விதிகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். மழை குறைவு, வெயிலும் தாங்கும். கிறிஸ்துமஸ் தொடங்கி புத்தாண்டு வரையும், ஈஸ்டர் வாரத்திலும் அறை வாடகை ஏறிவிடும், அந்த நாட்களைத் தவிர்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். சென்னை வெயிலில் வளர்ந்தவர்களையும் நிழலே இல்லாத அந்தக் கல்வெளி சோர்வடைய வைக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழை, அதன் பிற்பகுதியில் சூறாவளி பயமும் உண்டு. சாப்பாட்டுக்காகவே ஒரு பருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அக்டோபர் கடைசியைச் சொல்வேன். அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை இறந்தவர்களை நினைவுகூரும் ஹனால் பிக்சான் நாட்கள். மக்காச்சோள மாவில் கோழியும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதை மசாலாவும் வைத்து, வாழை இலையில் பொதிந்து, மண்ணுக்குள் குழிதோண்டிச் சுடும் முக்பிபொயோ அந்த நாட்களில்தான் ஊரெங்கும் மணக்கும்.

பணம் பற்றி. ஒரு பேசோவை ஏறக்குறைய ஐந்து இந்திய ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடலாம். சந்தை, வேன், சிறு கடைகள் எல்லாம் ரொக்கத்தில்தான் ஓடுகின்றன. வங்கியோடு சேர்ந்த ஏடிஎம்மில் எடுங்கள். "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடவா?" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். சில்லறை நோட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 500 பேசோ நோட்டைக் காலையில் நீட்டினால் சந்தைக் கடைக்காரருக்கும் சங்கடம்.

எங்கே தங்குவது

இரண்டே ஊர்கள் போதும்: வயாடோலித், மெரிடா. முதலாவதில் மூன்று இரவு, இரண்டாவதில் நான்கு இரவு. இரண்டும் யுகடான் மாநிலத்தில் உள்ளவை. மெக்சிகோவில் கொலைக் குற்றங்கள் மிகக் குறைந்த மாநிலங்களில் ஒன்று அது. தனியாகப் போகும் பெண்களும் பரவலாகப் பயணம் செய்கிறார்கள்.

கான்கூன் விமான நிலையத்திலிருந்து ஏடிஓ நிறுவனப் பேருந்தில் நகரத்தின் மையப் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கே வயாடோலித்துக்கு மாறிக்கொள்ளலாம். தூரம் சுமார் 160 கிலோமீட்டர். முன்கூட்டி டிக்கெட் எடுத்தால் சில வேளை தள்ளுபடி கிடைக்கும். உள்ளே குளிர்சாதனம் பற்களைக் கிட்ட வைக்கும், ஒரு சால்வையாவது கையில் இருக்கட்டும். வயாடோலித்திலிருந்து மெரிடாவும் ஏறக்குறைய அதே தூரம்தான்.

2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மாயா ரயில் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். போய்ப் பார்க்க ஆசை இருந்தால் ஒருமுறை ஏறலாம். ஆனால் நிலையங்கள் பல ஊருக்கு வெளியே இருக்கின்றன, அங்கிருந்து ஊருக்குள் வர வேறு வண்டி பிடிக்க வேண்டும். செலவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பேருந்தே எளிது.

இரண்டு ஊர்களிலும் மலிவான விடுதிகள் ஏராளம். மின்விசிறி அறை, கூட்டறை, சில இடங்களில் படுக்க ஊஞ்சல் வலை என்று எல்லாம் உண்டு. சமையலறை உள்ள விடுதியா, குடிநீர்க் குடுவை வைத்திருக்கிறார்களா என்று கேட்டு எடுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. பாட்டிலை விடுதியிலேயே நிரப்பிக்கொண்டால் தினமும் கணிசமாக மிச்சம்.

வயாடோலித்: ஏக் பலாம் முதலில், சிச்சென் இட்சா பிறகு

சாசி என்ற மாயா ஊரின் மேல் ஸ்பானியர்கள் 1540களில் எழுப்பிய ஊர் இது. வந்து இறங்கிய அன்று பிளாசா எனப்படும் மையச் சதுக்கத்தைச் சுற்றி நடந்து, ஊருக்கு நடுவிலேயே இருக்கும் சாசி சினோத்தேயில் ஒரு குளியல் போடுங்கள். சினோத்தே என்பது சுண்ணாம்புப் பாறை இடிந்து விழுந்து உண்டான நீர்க்கிணறு. வடக்கு யுகடானில் தரைமேல் ஓடும் ஆறே கிடையாது, மழை பூராவும் பாறைக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இந்தக் கிணறுகளைச் சுற்றி நகரங்கள் வளர்ந்தன. இறங்கும் முன் குளித்துவிட்டு இறங்குங்கள். உடம்பில் பூசிய வெயில் களிம்பும் கொசு மருந்தும் அந்த நிலத்தடி நீரில்தான் கலக்கும், அந்த நீர் ஓடிச் சேரும் ஊர்கள் குடிப்பதும் அதைத்தான்.

மறுநாள் காலை சிச்சென் இட்சாவுக்கு ஓடாமல், வடக்கே அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஏக் பலாம் என்ற மாயா நகரத்துக்குப் போகச் சொல்வேன். கொலெக்டிவோ எனப்படும் பகிர்வு வண்டிகள் போகின்றன. ஆள் நிறைந்ததும் கிளம்பும். நால்வர் சேர்ந்தால் ஆளுக்குச் சொற்பம்தான் ஆகும்.

இங்கே பார்க்க வேண்டியது அக்ரோபோலிஸ் என்ற பெரிய கட்டடத்தின் மேல்பகுதி. கூரை வேய்ந்து பாதுகாத்திருக்கும் அந்த முகப்பில் ஒரு பூத வாய் அகலத் திறந்திருக்கிறது. கீழ்த்தாடையில் பற்கள் வரிசையாகத் துருத்தி நிற்கின்றன, அவற்றின் மேல் கால் வைத்துத்தான் வாசலுக்குள் போக முடியும். உள்ளே இருந்தது உகித் கான் லேக் தோக் என்ற அரசனின் கல்லறை. சுற்றிலும் ஆள் உயரச் சுதைச் சிற்பங்கள், சிலவற்றின் முதுகில் சிறகு போன்ற அணி. விரல் நகம், இடுப்புக் கச்சையின் முடிச்சு வரை தெரிகிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் சுண்ணாம்புச் சுதை இப்படி நின்றதற்குக் காரணம், மாயா மக்களே அந்தக் காலத்தில் அதைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி வைத்ததுதான். எங்கே ஏறலாம், எங்கே ஏறக் கூடாது என்ற விதி அடிக்கடி மாறுகிறது. வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சிச்சென் இட்சா. வயாடோலித் பேருந்து நிலையத்தை ஒட்டி காலையிலேயே கொலெக்டிவோக்கள் கிளம்புகின்றன, முக்கால் மணி நேரப் பயணம். எட்டு மணிக்குள் வாசலில் நில்லுங்கள். கான்கூன் பேருந்துகள் பத்தரைக்கு மேல்தான் வரிசையாக வரத் தொடங்கும். அந்த இரண்டரை மணி நேரம்தான் உங்களுடையது.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு குழப்பம் வரும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். யுகடானின் பெரிய தலங்களில் இரண்டு கட்டணம்: ஒன்று மத்திய அரசின் தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்துக்கு, மற்றொன்று மாநில அரசுக்கு. இரண்டு சீட்டும் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள். சிச்சென் இட்சாவில் வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பேசோவுக்கு மேல். தொகை வருஷா வருஷம் ஏறுகிறது, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோ மக்களுக்கு மத்திய அரசின் கட்டணம் கிடையாது. அது அவர்கள் உரிமை, அன்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதிகக் கட்டணம் கட்டும் நீங்கள் வார நாளில் போவதே நல்லது.

உள்ளே போனதும் எல்லாரும் பாம்புத் தெய்வமான குகுல்கானின் பிரமிடின் முன் நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டியதுதான். நான்கு பக்கமும் 91 படிகள், உச்சித் தளத்தையும் சேர்த்தால் 365, ஆண்டின் நாட்கள். படிக்கட்டின் எதிரே நின்று ஒரு கைதட்டுங்கள். திரும்பி வரும் ஒலி கைதட்டல் போல இருக்காது. கேட்சால் பறவையின் கூவல் போலக் குழைந்து கேட்கும். மார்ச், செப்டம்பர் சமபகல் நாட்களின் மாலையில் படிக்கட்டின் ஓரத்தில் பாம்பு இறங்குவது போல நிழல் விழும். ஆனால் அன்று கூட்டம் கட்டுக்கடங்காது. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்கூட அந்த நிழல் ஓரளவு தெரியும். பிரமிடில் ஏறுவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது.

அப்புறம் பந்தாட்டக் களத்துக்கு நடங்கள். 168 மீட்டர் நீளம். சுவரின் அடியில் உள்ள புடைப்புச் சிற்பங்களை அவசரமில்லாமல் பாருங்கள். முழங்கால் ஊன்றிய ஓர் ஆட்டக்காரனுக்குத் தலை இல்லை. கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் பாம்புகளாக நெளிகிறது, நடுவே ஒரு தாரை கொடியாகப் படர்ந்து பூக்கிறது. காலைச் சாய்வெயிலில்தான் இந்தக் கோடுகள் எடுப்பாகத் தெரியும், மதியத்தில் சுவர் வெறும் வெளுப்பாகிவிடும். முடித்துவிட்டுத் தெற்கே எல் கரகோல் என்ற வட்ட வடிவ வானாய்வுக் கட்டடத்தையும் அதற்கப்பால் உள்ள லாஸ் மோன்ஹாஸ் என்ற கட்டடத்தையும் பாருங்கள். பலர் அந்தப் பக்கம் வருவதில்லை.

வழிகாட்டி வேண்டுமா? இந்த ஒரு இடத்தில் வேண்டும் என்பேன். கல்லில் எழுதி வைத்திருப்பதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி வீண். வாசலில் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருப்பார்கள், கட்டணம் ஆளுக்கு அல்ல, குழுவுக்கு. வரிசையில் நிற்கும் மற்ற பயணிகளிடம் பேசி நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டால் சிறு தொகைதான். மாயா மொழி பேசும் வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள். இந்த மக்கள் அழிந்துபோனவர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு, அது தவறு. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மெக்சிகோவில் மட்டும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் யுகடெக் மாயா பேசுகிறார்கள். நீங்கள் ஏறும் வேனின் ஓட்டுநரும் சந்தையில் டோர்டியா என்ற மக்காச்சோள ரொட்டி தட்டும் பெண்ணும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

போவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி மாயா எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி ஒன்று, ஒரு கோடு ஐந்து, சிப்பி பூஜ்யம். இருபதை அடிப்படையாகக் கொண்ட முறை. இது தெரிந்துவிட்டால் அருங்காட்சியகக் கற்களில் தேதிகளை நீங்களே அடையாளம் காண்பீர்கள்.

சாப்பாடு

யுகடான் சாப்பாட்டை மூன்று வேளையாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் பணமும் மிச்சம், ருசியும் கிடைக்கும்.

காலை என்பது பன்றி இறைச்சிக்கான நேரம். கொச்சினீத்தா பிபில் இந்த மண்ணின் பெருமை. அச்சியோத்தே விதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் பூசிய இறைச்சியை வாழை இலையில் சுற்றி, இரவு முழுக்கக் குழியடுப்பில் வேகவைப்பார்கள். காலையில் டோர்டியாவிலோ ரொட்டியிலோ வைத்து, ஊறிய சிவப்பு வெங்காயத்துடன் தருவார்கள். நல்ல கடைகளில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஞாயிறு காலை விசேஷம்.

மதியம் சந்தைக்குள்ளோ, கொசினா எகனோமிகா என்று பலகை போட்ட சிறு உணவகத்திலோ உட்காருங்கள். அன்றன்றைக்குச் சமைத்த சாப்பாடு, சூப்பும் பானமும் சேர்த்து 100 பேசோவை ஒட்டி முடிந்துவிடும். எலுமிச்சை வகையான லீமா பிழிந்த சோப்பா தே லீமா சூப்பை இங்கே குடித்துப் பாருங்கள். பானுச்சோ செய்வதை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் ஒரு சுகம். கல்லில் போட்ட டோர்டியா பூரி போல உப்பும். அந்தச் சூட்டிலேயே ஓரத்தைக் கத்திமுனையால் கீறி, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே மசித்த கறுப்பு பீன்ஸைத் தடவி, மறுபடி எண்ணெயில் பொரிப்பார்கள். மேலே பிய்த்த வான்கோழி, வெங்காயம், அவகாடோ. பீன்ஸ் இல்லாமல் மெத்தென்று இருப்பது சால்புத்தே. பசிக்கு மூன்று நான்கு போதும்.

மாலையில் பூங்காக்களில் மார்க்கெசீத்தா வண்டிகள் நிற்கும். மெல்லிய மாவை இரும்பு அச்சில் மொறுமொறுவென்று சுட்டு, எடம் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தருவார்கள். இனிப்பும் உப்பும் சேர்ந்த அந்த ருசி பழக ஒரு கடி போதும்.

சைவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது இங்கே வழக்கம். "சின் மன்டேகா?" என்று கேளுங்கள், கொழுப்பு போடாததா என்று பொருள். சூப்பிலும் சோற்றிலும் கோழிச் சாறு இருக்கலாம். முட்டை சாப்பிடுபவர்களுக்குப் பப்பாட்சூல் அருமையான உணவு: அவித்த முட்டையை டோர்டியாவில் சுருட்டி, அரைத்த பூசணி விதைக் குழம்பை ஊற்றித் தருவது. வறுத்த பூசணி விதையும் தக்காளியும் அரைத்த சிகில் பாக் துவையலை டோர்டியாவோடு தொட்டுக்கொண்டால் முட்டையும் தேவையில்லை. சாயா என்ற கீரையை முட்டையோடு கிளறித் தருவார்கள், அன்னாசியோடு அரைத்துப் பானமாகவும் தருவார்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் "ரெஸ்" என்ற சொல்லையும், பன்றி தவிர்ப்பவர்கள் "புவேர்கோ", "செர்தோ" என்ற சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரம் குறித்து ஒரு எச்சரிக்கை. சாப்பாடு காரமாக இருக்காது. காரம் எல்லாம் ஓரத்துக் கிண்ணத்தில் இருக்கிறது. அது ஹபனேரோ மிளகாய். ஆந்திரா ஊறுகாயைச் சாதாரணமாகச் சாப்பிடுபவராக இருந்தாலும் முதலில் ஒரு துளி போட்டுப் பாருங்கள்.

மெரிடா: உஷ்மால், இசாமால், காசில்லாமல் பார்ப்பவை

மெரிடாவில் முதலில் தெரு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள். இரட்டைப்படைத் தெருக்கள் வடக்கு தெற்காக, ஒற்றைப்படைத் தெருக்கள் கிழக்கு மேற்காக ஓடும். "60 x 61" என்று எழுதியிருந்தால் 60ஆம் தெருவும் 61ஆம் தெருவும் சந்திக்கும் முனை. இது பிடிபட்டால் வரைபடமே வேண்டாம்.

உஷ்மால் என்ற மாயா நகரம் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். இரண்டாம் வகுப்புப் பேருந்து நிலையத்திலிருந்து நாளுக்குச் சில பேருந்துகளே உண்டு. முதல் நாளே நேரம் கேட்டு வையுங்கள், இறங்கும்போது ஓட்டுநரிடம் திரும்பும் வண்டியின் நேரத்தையும் கேளுங்கள். அதைத் தவறவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்தில் நெடுநேரம் காத்திருக்க நேரும்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், சிச்சென் இட்சாவை விட்டுவிட்டு உஷ்மாலைத்தான் பாருங்கள் என்பேன். கூட்டம் மிகக் குறைவு, கல் வேலைப்பாடு மிக நுட்பம். இங்கே சினோத்தே கிடையாது. மழையை மட்டுமே நம்பி, நிலத்தடித் தொட்டிகளில் நீரைச் சேமித்து வாழ்ந்த நகரம். அதனால்தான் மழைத் தெய்வமான சாக்கின் முகம் மூலைக்கு மூலை இருக்கிறது, துதிக்கை போல வளைந்த நீள மூக்கோடு. அந்த முகம் ஒரே கல்லில் செதுக்கியதல்ல. கண்ணுக்கு ஒரு கல், மூக்குக்கு ஒரு கல், பல்லுக்கு ஒரு கல் என்று தனித்தனியாக வெட்டிச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். கன்னிமாட நாற்சதுக்கம் என்ற, நான்கு கட்டடங்கள் சூழ்ந்த முற்றத்தின் மூலையில் நின்று இணைப்புக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். மந்திரவாதியின் பிரமிடு மூலைகள் மழுங்கிய முட்டை வடிவ அடித்தளம் கொண்டது. முட்டையிலிருந்து பிறந்த குள்ளன் ஒருவன் ஒரே இரவில் கட்டியதாகக் கதை.

அடுத்த நாள் இசாமால், கிழக்கே 70 கிலோமீட்டர். ஊர் முழுக்க மஞ்சள் வண்ணம். இங்கே கினிச் காக்மோ பிரமிடுக்குக் கட்டணமே இல்லை. சாதாரணத் தெருவில், வீடுகளுக்கு நடுவே வாசல். படிகள் செங்குத்து, மெதுவாக ஏறுங்கள். எதிரே தெரியும் பிரான்சிஸ்கன் கிறிஸ்தவத் துறவியர் மடம் இன்னொரு மாயா மேடையின் மேல், அதன் கற்களைக் கொண்டே எழுந்தது. அதைக் கட்டுவித்த ஸ்பானியத் துறவி தியேகோ தே லாந்தாதான் 1562இல் மானி என்ற ஊரில் மாயா ஏடுகளைத் தீயிட்டவர். இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு. அதே மனிதர் எழுதி வைத்த மாயா எழுத்துக் குறிப்புதான், 1952இல் ரஷ்ய அறிஞர் யூரி க்னோரோசோவ் அந்த எழுத்தை வாசிக்கும் வழியைக் கண்டுபிடிக்க உதவியது. ஏடு எரிந்த வலி தெரிந்த நமக்கு அந்த மடத்தின் முற்றத்தில் நிற்பது லேசான அனுபவமல்ல.

மெரிடாவுக்குள் காசில்லாமல் பார்க்க நிறைய இருக்கிறது. மையச் சதுக்கத்தில் உள்ள அரசு மாளிகையில் பெர்னாண்டோ காஸ்த்ரோ பச்சேகோ தீட்டிய பெரும் ஓவியங்கள், யுகடானின் வரலாறு முழுவதும். வியாழன் இரவு சாந்தா லூசியா பூங்காவில் இலவச இசை, நடனம். மதியச் சாப்பாட்டுக்கு லூகாஸ் தே கால்வெஸ் சந்தை.

கடைசியாகச் சில

தலங்களில் ட்ரோன் பறக்கவிட அனுமதியில்லை. "பழைய பொருள்" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், நிஜமாகவே பழையதாக இருந்தால் நாட்டை விட்டு எடுத்துப்போவது குற்றம். தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து இல்லாமல் எங்கும் கிளம்ப வேண்டாம்.

திரும்பும் நாளில் கடிகாரத்தைக் கவனியுங்கள். கான்கூன் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் யுகடானைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. வரும்போது கிடைத்த ஒரு மணி நேரத்தைப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். மெரிடாவிலிருந்து கான்கூன் விமான நிலையத்துக்குப் பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடிகாரத்தில் அது ஐந்துக்கு மேல். மதிய விமானம் என்றால் முந்தைய இரவே கான்கூன் மையப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மலிவு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள்.